சித்தப்பா பயிற்றுநராக இருப்பது குற்றமா? மதுரை விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் விளையாட்டுச் செய்தி எழுதுகிற, படம் பிடிக்கிற, நேரலை நடத்துகிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிற ஒரு சிறு குழுவில் துணைப் பயிற்றுநராகவும் இருக்கிறேன். குழுவின் முதன்மைப் பயிற்றுநர் பழைய கபடி ஆட்டக்காரர். அவருடைய அண்ணன் மகளும் எங்கள் அணியில் ஆடுகிறாள், பத்தாம் வகுப்புப் பிள்ளை. போன பருவத்தில் அணிப் பட்டியல் வெளியான அன்றைக்கே ஒரு யூடியூப் சேனலில் அவள் முகத்தையும் அவர் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரக்பியிலும் வாரிசு அரசியலா?" என்று ஒரு காணொளி வந்தது. போடுவதற்கு முன் எங்களில் ஒருவரைக்கூட அழைத்துக் கேட்கவில்லை. தேர்வு எப்படி நடந்தது, யார் மதிப்பெண் போட்டார்கள், விடுபட்ட பிள்ளை எதில் பின்தங்கினாள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சொந்தக்காரப் பிள்ளை என்ற ஒன்றே போதும் என்று முடித்துவிட்டார்கள்.

அந்தச் சேனலோடு சண்டை போட நான் இதை எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் யார் பயிற்சி கொடுத்தாலும், இன்றில்லாவிட்டால் நாளை இதே கேள்வி வரும். நீங்களும் கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான் என் பேச்சு.

முதலில் உங்களுக்கு நாங்கள் பட்ட கடனைச் சொல்லிவிடுகிறேன். திருவிழாவை ஒட்டி நடக்கிற நைட் மேட்ச் கபடியை ஊரைத் தாண்டிக் கொண்டுபோனவர்கள் நீங்கள். ஒரு போனும் ஒரு ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்று நேரலை போடுகிறீர்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற எங்கள் ஊர் ஆட்கள் அதில்தான் தம்பி ரெய்டு போவதைப் பார்க்கிறார்கள். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிற பகுதிநேரச் செய்தியாளர்களில் பலருக்கு பெட்ரோல் காசுகூடச் சரியாக வருவதில்லை என்பதும் தெரியும். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் ரக்பி என்று ஓர் ஆட்டம் இருப்பதே எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் சந்தேகமும் வெறும் சந்தேகம் இல்லை. மாநில அளவில் ஆடிய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆடாத பிள்ளைக்குச் சான்றிதழ், வயதைக் குறைத்துக் காட்டிய சான்றிதழ், சிபாரிசில் வந்த பெயர் என்று நம் ஊர் மைதானங்களில் புகார் எழாத ஆண்டு இல்லை. ஏழு பேர் ஆடுகிற ரக்பிக்கு 12 பேர் கொண்ட பட்டியல்தான் போகும். அந்தப் 12ல் ஓர் இடம் தப்பான ஆளுக்குப் போனால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படிப்பே மாறிப்போகும். ஆகையால் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் நம் ஊரில் சொந்தம் என்பது மைதானத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை நீங்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் எந்தக் கபடிக் குழுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் பங்காளி, மீதிப்பேர் மாமன் மச்சானாக இருப்பார்கள். ஓர் ஊரில் ஒரு தெருவில் பிறந்து ஒரே மந்தையில் ஆடியவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் ஆழம். ரக்பி என்றால் மேலே விழுந்து பிடிக்கிற ஆட்டம். அரைக்கால் சட்டை போட வேண்டும். போட்டிக்கு ரயிலேறி வெளியூர் போய் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். எந்தத் தாய் சட்டென்று அனுப்புவாள்? எங்கள் குழு தொடங்கியபோது வீடு வீடாகப் போனோம். "ஏங்க டீச்சர், கை கால் ஒடிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்கிருவா?" என்று ஓர் அம்மா கேட்டார். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய பயம் அவருக்கு உண்மையானது. அந்தத் தெருவில் முதலில் மைதானத்துக்கு வந்தது பயிற்றுநரின் அண்ணன் மகள்தான். "சித்தப்பா கூடத்தானே போகுது, போகட்டும்" என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்ன ஒரு சொல்லில்தான் அது நடந்தது. அவள் போனதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளை வந்தாள். பிறகு எதிர்த்தெருவிலிருந்து வந்தார்கள். இன்றைக்கு எங்களிடம் பயிற்சி பெறுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அவருக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாதவர்கள். அவர்களுக்கெல்லாம் கதவு திறந்தது அந்தச் சொந்தத்தால். எது அந்தப் பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டுவந்ததோ, அதையே அவள் மேல் குற்றமாகச் சுமத்தியது அந்தக் காணொளி.

சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை நீங்கள்தான் எங்களுக்கெல்லாம் எழுதிக் காட்டினீர்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளையைக் கூலி வேலை பார்த்து வளர்த்த பாட்டி ஆரம்மாள், ஓட அனுப்பியதற்காகச் சொந்தக்காரர்களின் ஏச்சை வாங்கிக்கொண்டவர். பயிற்றுநர் கண்ணன் அந்தப் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்திராவிட்டால் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் ரேவதி ஓடியிருக்க மாட்டார். ஒரு வீடு ஒரு பயிற்றுநரை நம்புவதில்தான் இங்கே எல்லாமே தொடங்குகிறது. எங்களுக்கு அந்த நம்பிக்கை உறவு வழியாக வந்தது, அவ்வளவுதான்.

இனி ரக்பிக்கு வருகிறேன். நான் பயிற்றுநர் வேலையில் இறங்கிய பிறகு இந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இங்கிலாந்தின் ஃபாரெல் குடும்பம். அப்பா ஆண்டி ஃபாரெல் பயிற்றுநர், மகன் ஓவன் ஃபாரெல் ஆட்டக்காரர். 2015ல் இங்கிலாந்தே நடத்திய உலகக் கோப்பையில் தலைமைப் பயிற்றுநர் ஸ்டூவர்ட் லங்காஸ்டர், உதவிப் பயிற்றுநர்களில் ஒருவர் ஆண்டி. வேல்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஜார்ஜ் ஃபோர்டை வெளியே உட்காரவைத்துவிட்டு ஓவனை இறக்கினார்கள். 28க்கு 25 என்று தோற்றது இங்கிலாந்து. அடுத்து ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது. அப்பாவின் செல்வாக்கு பற்றி அங்கே பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. அந்த வேல்ஸ் ஆட்டத்தில் இங்கிலாந்து எடுத்த 25 புள்ளிகளில் 20 ஓவன் உதைத்து எடுத்தவை என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. லங்காஸ்டர் விலகினார். அடுத்து வந்த எடி ஜோன்ஸ் ஆண்டியை வைத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். லங்காஸ்டர் அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அணிக்குப் போய் அடுத்தவருக்குக் கீழே வேலை பார்த்தார். 2018ல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆண்டியும் அயர்லாந்துக்குத்தான் போனார். முதலில் உதவியாளர், 2019 உலகக் கோப்பைக்குப் பிறகு தலைமைப் பயிற்றுநர். 2023 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்து 29க்கு 16 என்று இங்கிலாந்தை வென்று, அந்த ஆண்டு ஐரோப்பாவின் ஆறு நாட்டு அணிகள் மோதுகிற 'ஆறு நாடுகள்' போட்டியில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் எடுத்தது. அன்றைக்கு எதிரணியின் தலைவன் ஓவன். மகனுக்காக வளைகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், மகன் தலைமை தாங்கிய அணியைத் தோற்கடித்துப் பட்டத்தைப் பூர்த்தி செய்தார். அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓவன் ஒரு தப்பான டாக்கிளுக்காக, அதாவது எதிராளியைப் பிடித்து வீழ்த்திய முறைக்காக, சிவப்பு அட்டை வாங்கினார். ஒழுங்குக் குழு அதை ரத்து செய்தது. உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்தது. கடைசியில் நான்கு ஆட்டத் தடை. இந்த இடைவெளியில் அவரைப் பற்றி வந்த எழுத்துகளைப் பார்த்து, எதிரணியின் பயிற்றுநராக இருந்த அப்பா வெளிப்படையாகவே கொதித்துப் பேசினார். உலகக் கோப்பையில் ஓவன் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டது. அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 16க்கு 15 என்று ஒரே புள்ளியில் தோற்றபோது அந்த 15ம் அவர் எடுத்தவை. கோப்பை முடிந்து நவம்பரில், தன் மனநலத்தையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்வதற்காகத் தேசிய அணியிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். இங்கிலாந்துக்காக 112 ஆட்டம் ஆடியவர், அந்த நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அவருக்கே இந்த நிலை.

2025ல் ஆண்டி ஃபாரெல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக ஆஸ்திரேலியா போனார். முதல் பட்டியலில் மகன் பெயர் இல்லை. பட்டியலில் இருந்த எலியட் டேலிக்குக் கை முறிந்ததும் ஓவனை அழைத்தார். அவர் கடைசியாக நாட்டுக்காக ஆடியது 2023ல். வேறு ஆட்களும் இருந்தார்கள். "மகன் என்பதால்தானே?" என்று பத்திரிகைகள் கேட்டன. அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். மெல்போர்னில் நடந்த இரண்டாவது டெஸ்டில் 23க்கு 5 என்று பின்தங்கியிருந்த லயன்ஸ் 29க்கு 26 என்று ஜெயித்தது. மாற்று ஆளாக இறங்கிய ஓவனும் அந்த மீட்சியில் இருந்தார். தொடரும் 2க்கு 1 என்று லயன்ஸுக்கே. வென்றதால் தேர்வு சரி என்று நான் வாதாடவில்லை. தோற்றிருந்தாலும் அந்தத் தேர்வை எடைபோட எல்லோர் கையிலும் தகவல் இருந்தது. 33 வயது ஆள். அது அவருக்கு நான்காவது லயன்ஸ் பயணம். முந்தைய மூன்றிலும் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் அப்பா இல்லை, வாரன் கேட்லண்ட். மகனின் ஒவ்வொரு ஆட்டமும் பதிவில் இருக்கிறது. பயிற்றுநர் செய்தியாளர் கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேட்லண்ட் பெயர் வந்ததால் அவர் பட்டதையும் சொல்கிறேன். 2013ல் லயன்ஸின் கடைசி டெஸ்டுக்கு பிரையன் ஓ'டிரிஸ்கால் என்ற அயர்லாந்தின் மாபெரும் ஆட்டக்காரரை நீக்கிவிட்டு, தான் பயிற்சி தருகிற வேல்ஸ் ஆட்கள் பத்துப் பேரை இறக்கினார். அயர்லாந்தே கொந்தளித்தது. ஆட்டத்தை 41க்கு 16 என்று வென்றார்கள். அந்தக் கொந்தளிப்பு கடுமையானதுதான், ஆனாலும் அது ஒரு முடிவைப் பற்றியது. 2017ல் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்து போனபோது அங்கே ஒரு நாளிதழ் அவரைக் கோமாளியாகவே வரைந்து போட்டது. அந்த மண்தான் அவர் பிறந்த ஊர். அந்தப் பயணத்தின் முதல் ஆட்டத்தில் அவருடைய மகன் பிரின் எதிரணியில் நின்று ஆடினார். தொடர் சமனில் முடிந்த அன்று கேட்லண்ட் செய்தியாளர் கூட்டத்துக்குச் சிவப்புக் கோமாளி மூக்கை மாட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சுரம் உள்ளவர். எல்லோருக்கும் அது வராது, வர வேண்டும் என்று கேட்பதும் முறையில்லை.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டுக்கான பேட்மின்டன் அணியில் தேசியத் தலைமைப் பயிற்றுநர் கோபிசந்தின் மகள் காயத்ரி சேர்க்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2022ல் ட்ரீசா ஜாலியோடு சேர்ந்து காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கினார், ஆல் இங்கிலாந்து அரையிறுதிக்கும் போனார். அந்த நான்கு ஆண்டுகள் அந்தப் பெண்ணுக்கு எப்படிப் போயிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

இப்போது எங்கள் பிள்ளையைப் பாருங்கள். அவளுக்கு 112 ஆட்டம் இல்லை. பதிவு எதுவும் இல்லை. எங்கள் பயிற்றுநருக்கு ஊடக அலுவலர் இல்லை, செய்தியாளர் கூட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. காணொளி வந்த அன்றைக்கே அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. ரேஷன் கடை வரிசையில் அவர் மனைவியிடம் கேட்டார்கள். ஒரு காதுகுத்து வீட்டில் அண்ணனும் தம்பியும் பேச்சு முற்றி, பந்தியில் உட்காராமல் கிளம்பினார்கள். மைதானத்தில் அவரை "சார்" என்று மட்டுமே கூப்பிடுகிற அந்தப் பிள்ளை, கொஞ்ச நாள் பயிற்சிக்கே வரவில்லை. திரும்பி வந்தபோது பந்து கைக்கு வந்த உடனே அடுத்தவளுக்குத் தள்ளிவிட ஆரம்பித்தாள். தானே பிளந்துகொண்டு ஓடி, எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை வைக்கிற பிள்ளை அவள். தப்பு செய்தால் சித்தப்பாவுக்குக் கெட்ட பெயர் என்று பயந்து ஆடினாள். என் மனம் பட்ட பாட்டை இங்கே எழுத வார்த்தை போதாது. பயிற்றுநர் விலகிவிடுகிறேன் என்று நின்றார். அவர் விலகியிருந்தால் அவரை நம்பி அனுப்பிய வீடுகளில் பாதி தங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கும். பெற்றோர்களே வந்து பேசித்தான் அவரை நிறுத்தினோம். அதில் பட்டியலில் இடம் கிடைக்காத பிள்ளையின் தகப்பனாரும் இருந்தார்.

உங்கள் மேல் மட்டும் பொறுப்பைப் போடவில்லை. எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதை நாங்கள் செய்திருக்கிறோம். இனி எங்கள் குழுவில் பயிற்றுநரின் இரத்த உறவோ கொண்டு கொடுத்த உறவோ தேர்வில் நின்றால், அந்தப் பிள்ளைக்கு அவர் மதிப்பெண் போட மாட்டார். தேர்வு நடக்கிற மைதானத்தில் இருக்கவும் மாட்டார். உறவு என்ன என்பதைத் தேர்வுக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வேறு பள்ளி, வேறு வட்டாரத்திலிருந்து இரண்டு பயிற்றுநர்கள் வருவார்கள். ஓட்டத்துக்கு பிராங்கோ சோதனை வைக்கிறோம்: 20, 40, 60 மீட்டர் ஓடித் தொட்டுத் திரும்புவது ஒரு சுற்று, அப்படி ஐந்து சுற்று, மொத்தம் 1,200 மீட்டர். அந்த நேரம் எல்லோர் கண்முன்னும் எழுதப்படும். ஆனால் ரக்பியை ஓட்டத்தை மட்டும் வைத்துத் தேர்வு செய்ய முடியாது. டாக்கிளில் தோள் எங்கே படுகிறது, தலை எந்தப் பக்கம் இருக்கிறது, பின்னால் தள்ளிக் கொடுக்கிற பந்து ஓடி வருகிறவளின் கைக்கு முன்னால் போய் விழுகிறதா, எந்த நொடியில் கொடுப்பது எந்த நொடியில் தானே ஓடுவது என்று அவளுக்குத் தெரிகிறதா, இதெல்லாம் பார்க்கிறவரின் கண்ணைப் பொறுத்தது. சந்தேகம் நுழைகிற இடமும் இதுதான். அதனால்தான் அங்கே சொந்தமில்லாத கண் வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் காரணம் எழுதப்படும். விடுபட்ட பிள்ளையின் பெற்றோர் கேட்டால் அந்தத் தாளைக் காட்டுவோம்.

இந்தச் சிரமத்தை மற்றக் குழுக்களும் படட்டும் என்று நீங்கள் எழுதுங்கள். தேர்வுத் தாளைக் காட்ட மறுக்கிற பயிற்றுநரின் பெயரைத் தாராளமாகப் போடுங்கள். சான்றிதழ் விற்கிறவனைத் தோண்டி எடுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். ஆட்டத் திட்டம் மோசம் என்றால் மோசம் என்றே சொல்லுங்கள். போன பருவத்தில் ஓர் ஆட்டத்தில் இரண்டாவது பாதியில் எங்கள் பிள்ளைகள் மூச்சு வாங்கி நின்றதை ஒருவர் எழுதியிருந்தார். அது வலித்தது, ஆனால் சரியான எழுத்து. ஏழு நிமிடம் ஏழு நிமிடமாக ஒரே நாளில் பல ஆட்டம் ஆடுகிற வகையில் மாற்று ஆட்களை எப்போது இறக்குவது என்பதை அதைப் படித்த பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். பயிற்றுநரைத் திட்டுவதில் எங்களுக்குப் பயன் இருக்கத்தான் செய்கிறது, திட்டில் விஷயம் இருந்தால்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் முகமும் பெயரும் புகாரில் வர வேண்டாம். ஜெயித்தால் போடுங்கள், அவள் தேர்வு சரியா என்ற விவாதத்தில் போடாதீர்கள். அங்கே பதில் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர். போடுவதற்கு முன் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அவர் சொல்வதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அவர் சொன்னது செய்தியில் இருக்கட்டும். அடுத்து, தேர்வுப் பட்டியல் வந்த நாளோடு விட்டுவிடாமல் அந்த அணி ஆடுவதையும் வந்து பாருங்கள். எங்களைப் பற்றிக் காணொளி போட்டவர்கள் அந்தப் பிள்ளை ஆடிய ஓர் ஆட்டத்துக்குக்கூட வரவில்லை.

இந்த ஆட்டம் நம் பக்கம் இப்போதுதான் முளைக்கிறது. 2016 முதல் ஏழு பேர் ரக்பி ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2025ல் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்து சென்னை புல்ஸ் கோப்பையை எடுத்தபோது, எங்கள் பிள்ளைகள் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அதே ஆண்டு கடைசியில் இளையோர் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்கள் நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கே வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது வெளியுலகம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் "வேண்டாம்மா, டிவியில படம் போட்டுருவாங்க" என்று பிள்ளையை நிறுத்தினால், அவளைத் திரும்பக் கொண்டுவர எங்களிடம் வழி இல்லை.

எங்கள் அடுத்த தேர்வு கோடை விடுமுறை தொடங்கிய முதல் ஞாயிறு, காலை ஆறு மணிக்கு எங்கள் பள்ளி மைதானத்தில். கேமராவோடு வாருங்கள். தேர்வு நடத்த வெளியிலிருந்து வருகிற பயிற்றுநர்களிடம் பேச உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகளின் பெயரை மறைத்த மதிப்பெண் தாளின் நகல் அன்று மதியமே உங்கள் கையில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்களைக் கேள்வி கேளுங்கள்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்து உடற்கல்வி ஆசிரியை ஒருவர்